கேட் அடைச்சிருக்கையிலே

ராவணசமுத்திரம் கேட்டை
செங்கோட்டை வண்டிக்கு அடைச்சா
எனக்கு ரெண்டு வரி தேறும்.
கிராஸிங் இருந்தா மூணு.
வரிக்குத் தொண்ணூறு கண்ணி.

பின்சீட்டுப் பொம்பளைங்க சிரிக்காங்க,
"டிரைவரு கூடு கட்டுதாரு."
கட்டட்டுமே.
ஊசின்னு சொல்லுதது
பழைய சைக்கிள்ல கழட்டின ரெண்டு போக்ஸ் கம்பி.
நுனியை உப்புத்தாள்ல தேய்க்கணும்,
கன்னத்துல இழுத்தா கீறாத அளவுக்கு.
தோலைக் கீறுத கம்பி
நூலையும் கீறும்.

நூல் சங்கதி வேறே.

உலகம்மைக்கு மில்லுல நைட் ஷிப்ட்.
ஆயிரத்துச் சொச்சம் கதிரு
அவ கண்ணுக்கு முன்னால ஓடும்.
அறுந்த இழையை ஓட்டத்துலயே பிடிச்சு
இமைக்குத நேரத்துல ஒட்டிருவா.
அவ கையில ஒத்தைத் தக்ளியைக் கொடுத்தேன்.
மூணு தடவை விழுந்துது.
"சொன்ன பேச்சு கேக்காத கழுதை"ன்னு
வச்சிட்டுத் தூங்கப் போயிட்டா.
அதனால முதமுதல்ல சுத்துதவங்களுக்குச் சொல்லுதேன்:
விழும்.
வட்டு உருண்டு பூனைக்குப் பின்னால போகும்.
எடுத்துட்டு வாங்க.

பஞ்சை வெடுக்குனு இழுக்காதீங்க.
முறுக்கு ஏறி வரட்டும்,
அது வர வர விரலு பின்வாங்கட்டும்,
சந்தைத் தெருவுல ஆட்டோவை ரிவர்ஸ் எடுக்காப்ல:
அரை அடி. நில்லு. அரை அடி.
முறுக்கு குறைஞ்சா இழை நைஞ்சு நழுவும்,
கூடிட்டா தேள் கொடுக்கா சுருட்டிக்கிடும்.
அறுந்தா முடிச்சு போடாதீங்க.
ரெண்டு நுனியையும் சிலுப்பி
ஒண்ணு மேல ஒண்ணு வச்சுச் சுத்துங்க.
முடிச்சு இன்னைக்கு நிக்கும்,
துவைக்கும்போது வெளியே எட்டிப் பாக்கும்.

ஆனி மாசம்
நாலு விரக்கடைக்கு ஒருக்கா அறுந்துது எனக்கு.
பஞ்சை ஏசினேன்,
சங்கரன்கோயில்ல அதை வித்தவனை ஏசினேன்.
ஷிப்ட் முடிஞ்சு வந்தவ
மேல்காத்து அடிக்குத சன்னலைச் சாத்தினா.
ஈரத்துண்டு ஒண்ணைக் கொடியில போட்டா.
"ஈரம் காட்டித்தான் மில்லே ஓடுது.
காஞ்ச பஞ்சு யாருக்கு அடங்கும்?"
அன்னைக்கு ஒரு சிட்டம்.

சிட்டத்தைக் கொதிக்குத தண்ணியில போட்டெடுத்துத்
தொங்கவிட்டு, அடியில ஒரு பூட்டைக் கட்டுங்க.
காயுத நேரத்துல முறுக்கு தன் எடத்துல உக்காரும்.
ரெண்டு இழை சேக்கணும்னா
நூத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தணும்.
இது எனக்கு யாரும் சொல்லலை.
ஒரு சிட்டம் பாழாப் போய்த்தான் தெரிஞ்சுது.

தொப்பி அவளுக்கு,
தலைமுடியில பஞ்சுத்தூசி அடையாம இருக்க.
முதல் தொப்பியை மனக்கணக்குல போட்டேன்.
ஆட்டோ ஹெட்லைட்டுக்குத்தான் பொருந்திச்சு,
இன்னும் அங்கேதான் இருக்கு.
நாலு விரல் சதுரம் பின்னி,
துவைச்சு, காயப்போட்டு, பெறகு கண்ணியை எண்ணுங்க.
துவைக்காத அளவு
பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மாப்பிள்ளை இருந்த இருப்பு.

ரெண்டாவது கச்சிதம்.
சூப்பர்வைசர் ஆகாதுன்னுட்டாரு:
கம்பெனி கொடுக்குத மஞ்சத்தொப்பி மட்டும்தான் உள்ளே.
போகட்டும்.
காலையில ஆறரைக்கு
பின்சீட்டுல, சாரலுக்கு, போட்டுக்கிடுதா.
கடையம் தாண்டுமுன்னே தூங்கிருவா,
தொப்பி ஒரு காதுல இறங்கிக் கிடக்கும்.
அதைப் பாத்துட்டு ஷிப்டுல ஆறு பேர் கேட்டாச்சு.
இது முத்துப்பேச்சிக்கு. தலை கொஞ்சம் பெருசு.

கண்ணி நழுவிட்டா ஊக்கை மாட்டி நிறுத்துங்க.
பதறினா ஏணி இறங்குதாப்ல
அடிவரைக்கும் இறங்கிரும்.
அப்புறம்
வரிக்கு நடுவுல மட்டும் நிறுத்திராதீங்க,
திரும்ப எடுக்கையில எந்தப் பக்கம்னு குழம்பும்,
இதைச் சொல்லுத நானே

கேட்டைத் தூக்குதான்.
பின்னால டிராக்டர்க்காரன் ஹார்ன் அடிக்கான்.
பதினேழு கண்ணி பாக்கி.